வாங்குறதா, செய்றதா? காவலூர் வைணு பாப்புவின் கதை

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். நீங்க ஹாஸ்டல் ரூம்ல டேபிள் மேல போர் விளையாட்டு விளையாடுற ஆள்னு வெச்சுக்குவோம். பெருவிரல் அளவுக்குக்கூட இல்லாத வீரர் பொம்மைகள், கைநிறைய டைஸ், தூரம் அளக்க ஒரு டேப், தெர்மாகோல்ல வெட்டின குன்று. பொம்மையோட உயரம் 28 மில்லிமீட்டர். நிஜ மனுஷனோட ஒப்பிட்டா ஏறக்குறைய 60-ல் ஒரு பங்கு. இந்த வாரம் ஆட்டத்துல வேற்றுக்கிரக ஆட்கள் வந்து இறங்கணும், அதுக்கு ஒரு பறக்கும் தட்டு வேணும். எவ்வளவு பெருசு வேணும்? மெஸ்ல இருக்கிற 28 செ.மீ. சாப்பாட்டுத் தட்டை 60-ஆல பெருக்குங்க. கிட்டத்தட்ட 17 மீட்டர். கிரிக்கெட் பிட்ச்சை விடக் கொஞ்சம் சின்னது. நாலு வேற்றுக்கிரக ஆட்கள் தாராளமா உட்கார்ந்து வரலாம்.

இந்த விளையாட்டும் வேற்றுக்கிரகப் படையெடுப்பும் ஒண்ணோட ஒண்ணு சேர்றது புதுசு இல்லை. செவ்வாய்க் கிரகத்துக்காரங்க பூமி மேல படையெடுக்கிற கதையை 1898-ல் புத்தகமா வெளியிட்ட அதே எச். ஜி. வெல்ஸ்தான், பொம்மை வீரர்களை வெச்சுப் போர் விளையாடுறதுக்கு விதிகள் எழுதி 1913-ல் இன்னொரு புத்தகமும் போட்டார்.

சரி, தட்டுக்கு வருவோம். ரெண்டு வழி இருக்கு. ஆன்லைன்ல தேடி, ரெடிமேடா ஒண்ணு வாங்கலாம். இல்லைன்னா ரெண்டு தட்டைக் கவிழ்த்து ஒட்டி நாமளே செய்யலாம். வாங்கினா பளபளப்பா இருக்கும், நாளைக்கே ஆட்டம் போடலாம். செஞ்சா கோணலா வரும், ஒரு வாரம் போயிடும். எது சரி?

இதே கேள்வி ஒருத்தர் முன்னாடி ரொம்பப் பெரிய அளவுல வந்து நின்னுச்சு. அவருக்கு வேண்டியது 234 செ.மீ. அகலத்துல ஒரு வட்டக் கண்ணாடி. அதை வெச்சு வேலை செய்ய அவர் தேர்ந்தெடுத்த இடம் நம்ம ஜவ்வாது மலை. திருப்பத்தூர் மாவட்டத்துல ஆலங்காயம் தாண்டி மேல ஏறினா, காவலூர்ல மரங்களுக்கு மேல வெள்ளைக் குவிமாடம் தெரியும். தூரத்துல பார்த்தா பாதித் தட்டு தரையில இறங்கி நிக்கிற மாதிரியே இருக்கும். அதை அங்கே கொண்டு வந்தவர் பேர் வைணு பாப்பு. அந்தப் பெரிய தொலைநோக்கி வானத்தைப் பார்த்தப்போ அவர் உயிரோட இல்லை. ஆனாலும் அது பார்த்துச்சு. எப்படிங்கிறதுதான் இந்தக் கதை.

வானத்துக்குக் கீழ ஒரு வீடு

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்னிக்கு சென்னையில பிறந்தார். குடும்பத்தோட வேர் கேரளாவுல தலச்சேரி. வளர்ந்தது ஹைதராபாத். அப்பா அங்கே நிஜாமியா வானாய்வகத்துல வேலை பார்த்தவர். மத்த பசங்களுக்கு அப்பாவோட ஆபீஸ்னா ஃபைலும் டைப்ரைட்டரும். இவருக்கு அப்பாவோட ஆபீஸ்னா தொலைநோக்கி. ஒரே பிள்ளை வேற. ராத்திரி வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறது அந்த வீட்டுல அன்றாட வேலை மாதிரி. கல்லூரிப் படிப்பு முடியறதுக்குள்ளயே, வெளிச்சம் கூடிக் குறையற விண்மீன்களைப் பத்தி அவரோட ஆய்வுக் குறிப்புகள் அச்சுல வர ஆரம்பிச்சிருச்சு.

அவருக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போது உலகம் முழுக்க ஒரு புது வார்த்தை பரவினது. 1947 ஜூன் 24 அன்னிக்கு, கென்னத் ஆர்னால்டுங்கிற அமெரிக்க விமானி, மலைக்கு மேல ஒன்பது பொருள்கள் வேகமாப் போனதைப் பார்த்ததாச் சொன்னார். தண்ணி மேல சாஸரைச் சுழட்டி எறிஞ்சா தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி அதுங்க நகர்ந்ததுன்னு அவர் விவரிச்சார். பத்திரிகைகள் அந்த நகர்வை வடிவமா மாத்தி, பறக்கும் தட்டுன்னு பேர் வெச்சிருச்சு. நீங்க இன்னிக்கு ரெண்டு தட்டைக் கவிழ்த்து ஒட்டுறீங்கன்னா, அதுக்குக் காரணம் அந்தப் பேர்தான்.

வானத்துல ஏதோ நகருதுன்னு ஒருத்தர் சொன்னா, வானியல் மாணவன் கேட்கிற கேள்வி வேற மாதிரி இருக்கும். எந்த நேரத்துல, எந்தத் திசையில, எவ்வளவு தூரம் நகர்ந்துச்சு? பதிவு இருக்கா? ரெண்டே வருஷத்துல பாப்பு கையில அப்படி ஒரு பதிவு சிக்கினது.

தட்டுல சிக்கின வால்மீன்

1949-ல் உதவித்தொகை கிடைச்சு, அமெரிக்காவுல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். போய்ச் சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருக்கும். அந்தக் காலத்துல வானத்தைப் படம் எடுக்கிறது ஃபிலிம் ரோல்லகூட இல்லை, கண்ணாடித் தட்டுல. ஒரு பக்கம் ஒளி உணர்ற ரசாயனம் பூசின தட்டு. தொலைநோக்கியில மாட்டி, ரொம்ப நேரம் வெளிச்சம் விழ விட்டு, இருட்டறையில கழுவிப் பார்க்கணும். விண்மீன்கள் கறுப்புப் புள்ளியாத் தெரியும். நகர்ற பொருள் எதாவது இருந்தா அது மட்டும் புள்ளியா இல்லாம வேற மாதிரித் தெரியும்.

1949 ஜூலை 2 அன்னிக்கு அவர் எடுத்த தட்டுல அப்படி ஒண்ணு இருந்தது. புது வால்மீன். அவரோட பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கோர்டன் நியூகர்க் ரெண்டு பேரும் கூட இருந்து உறுதி செஞ்சாங்க. அதனால அந்த வால்மீனுக்கு மூணு பேர் பேரும் சேர்ந்து பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன்னு பேர் வந்தது. அதுக்காக பசிபிக் வானியல் கழகத்தோட டோனஹோ பதக்கம் அவருக்குக் கிடைச்சது.

அப்போ அவருக்கு வயசு இருபத்தொண்ணு. இதைப் படிக்கிற பல பேருக்கு இப்போ அதே வயசுதான். பொறாமைப்பட இதைச் சொல்லலை. அவர் கண்டுபிடிச்ச விதத்தைக் கவனிங்க. வால்மீனைத் தேடி அவர் போகலை. கையால தட்டு மாட்டி, கையால கழுவி, கண்ணால அதை ஒவ்வொரு புள்ளியாப் பார்க்கிற பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்துக்குள்ளதான் வால்மீன் வந்து விழுந்தது.

1952-ல் முனைவர் பட்டம். அதுக்கப்புறம் கார்னெகி ஆய்வு உதவித்தொகையில கலிஃபோர்னியாவுக்குப் போனார். அங்கே பாலோமர் மலையில இருந்த 200 அங்குலத் தொலைநோக்கிதான் அப்போ உலகத்துலயே பெருசு. அதோட கண்ணாடி குறுக்களவு 5 மீட்டருக்கு மேல. அங்கே ஓலின் வில்சன்ங்கிற வானியலாளரோட சேர்ந்து அவர் செஞ்ச வேலை இன்னிக்கும் பாடப் புத்தகத்துல இருக்கு. பேர் வில்சன்–பாப்பு விளைவு. ஆய்வுக் கட்டுரை 1957-ல் வந்தது.

அதை எளிமையாச் சொல்லிப் பார்க்கிறேன். ராத்திரி ஹைவேயில எதிர்ல ஒரு ஹெட்லைட் தெரியுது. பைக்கா பஸ்ஸான்னு தெரியாது. வெளிச்சம் மங்கலா இருந்தா, பக்கத்துல வர்ற சின்ன விளக்கா, தூரத்துல வர்ற பெரிய விளக்கான்னு குழப்பம். விளக்கு எத்தனை வாட்னு எப்படியாவது தெரிஞ்சுட்டா, கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தை வெச்சு தூரத்தைக் கணக்குப் போட்டுடலாம். விண்மீனுக்கும் இதே குழப்பம்தான். சூரியன் மாதிரியும் அதைவிடக் குளிர்ச்சியாவும் இருக்கிற விண்மீன்களோட ஒளியைப் பிரிச்சுப் பார்த்தா, கால்சியத்தோட கே கோடுன்னு ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதுக்கு நடுவுல மெலிசா ஒரு வெளிச்சக் கோடு. அந்த வெளிச்சக் கோடு எவ்வளவு அகலமோ, விண்மீன் நிஜத்துல அவ்வளவு பிரகாசம். அதாவது விளக்கு எத்தனை வாட்னு அந்தக் கோடே சொல்லிடுது. தூரம் அளக்க ஒரு புது அளவுகோல் கிடைச்சது.

திரும்பி வந்த ஆள்

பாலோமர்ல வேலை பார்த்த ஒருத்தர் அங்கேயே இருந்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. பாப்பு இந்தியாவுக்குத் திரும்பினார். 1954-ல் உத்தரப் பிரதேச அரசு வானாய்வகத்துல பொறுப்பேத்தார். வாரணாசியில ஆரம்பிச்ச அந்த ஆய்வகம், நல்ல வானம் தேடி நைனிடால் மலைக்கு மாறினது அவர் காலத்துலதான்.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநரா வந்தார். வயசு 32. கொடைக்கானலுக்குப் பெரிய பேர் உண்டு. 1899-ல் ஆரம்பிச்ச இடம். சூரியப் புள்ளிகளைச் சுத்தி வாயு ஓடுறதை ஜான் எவர்ஷெட் 1909-ல் அங்கேதான் கண்டுபிடிச்சார். ஆனா அது சூரியனைப் பார்க்கிற ஆய்வகம், பகல் வேலை. விண்மீன்களைப் பார்க்கிறவருக்கு ராத்திரி வேணும். கொடைக்கானல்ல ராத்திரின்னா பாதி நாள் மேகமும் பனியும்தான். நீங்க டூர் போனப்போ பார்த்திருப்பீங்க, எதிர்ல நிக்கிற ஆளே தெரிய மாட்டார்.

அதனால தென்னிந்தியாவுல இருட்டான, வானம் தெளிவான ஒரு இடத்தைத் தேட ஆரம்பிச்சார். சிக்கினது ஜவ்வாது மலையில காவலூர். கடல் மட்டத்துக்கு மேல ஏறக்குறைய 700 மீட்டர். ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு உயரம் இல்லை. ஆனா அப்போ சுத்தி எங்கேயும் பெரிய நகரம் கிடையாது. காடு, சந்தன மரம், மலையாளிப் பழங்குடி மக்களோட ஊர்கள், சாமை விளையற கொல்லைகள். ராத்திரியில விளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுக்காத இடம்.

இன்னொரு காரணமும் இருந்தது. காவலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில இருக்கு. அதனால வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்துல பெரும்பகுதியும் தெரியும். ஐரோப்பாவுலயிருந்து தெரியவே தெரியாத தென்சிலுவை விண்மீன் கூட்டம் இங்கே தெரியும். அதோட, ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவுல, இந்த நேரத்துல வானத்தைப் பார்க்க ஆளே இல்லாத ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில ஒரு கண் வேணும்.

மூணு தொலைநோக்கி, மூணு பதில்

இங்கேதான் நம்ம கேள்வி வருது. வாங்குறதா, செய்றதா? பாப்பு இதுக்கு ஒரே பதில் சொல்லலை. மூணு தடவை மூணு பதில் சொன்னார்.

முதல் பதில், சின்னதாச் செய். கொடைக்கானல் வொர்க்ஷாப்ல சொந்தமா 38 செ.மீ. கண்ணாடி வெச்ச தொலைநோக்கி ஒண்ணு தயாராச்சு. 1960-களோட கடைசியில காவலூர்ல வேலை ஆரம்பிச்சது அதை வெச்சுத்தான். 38 செ.மீ.ன்னா நம்ம ரூல் ஸ்கேலை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பாலோமர்ல 5 மீட்டர் கண்ணாடியோட வேலை பார்த்தவருக்கு இது எவ்வளவு சின்னதுன்னு யோசிங்க. ஆனா அதைச் செஞ்சதால ரெண்டு விஷயம் கிடைச்சது. காவலூர் வானம் நிஜமாவே நல்லதான்னு சோதிச்சுப் பார்க்க முடிஞ்சது. கண்ணாடி தேய்க்கவும் தாங்கி செய்யவும் தெரிஞ்ச கைகள் உருவாக ஆரம்பிச்சது.

ரெண்டாவது பதில், வாங்கு. 1972-ல் ஜெர்மனியில ஜேனா நகரத்து கார்ல் ஸைஸ் நிறுவனத்துலயிருந்து 102 செ.மீ. தொலைநோக்கி வந்து காவலூர்ல நின்னுச்சு. எல்லாத்தையும் நாமளே செய்யணும்னு அவர் பிடிவாதம் பிடிக்கலை. வேலை நடக்கணும், பசங்க பழகணும், உலகத்தோட போட்டி போடணும். அதுக்கு நல்ல கருவி உடனே வேணும்.

வாங்கினது வீண் போகலை. அதே வருஷம் வியாழனோட நிலவான கானிமீடு ஒரு விண்மீனுக்கு முன்னாடி கடந்து போனதைக் காவலூர்ல பதிவு பண்ணாங்க. கானிமீடைச் சுத்தி மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம்ங்கிறதுக்கு அதுல அறிகுறி இருந்தது. 1977 மார்ச் 10 அன்னிக்கு இதே மாதிரி யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க வந்தது. மறைக்கிறதுக்கு முன்னாடியே விண்மீனோட வெளிச்சம் விட்டு விட்டுக் குறைஞ்சது. விமானத்துல தொலைநோக்கி வெச்சுப் பறந்த அமெரிக்கக் குழுவும் அதைப் பார்த்தாங்க, காவலூர்க்காரங்களும் பதிவு பண்ணாங்க. யுரேனஸைச் சுத்தி வளையங்கள் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அந்த ராத்திரிதான். ஆள் இல்லாத இடைவெளியில ஒரு கண் வேணும்னு நினைச்சது சரின்னு ஆச்சு.

இதுக்கு நடுவுல 1971-ல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தனி நிறுவனமா ஆச்சு. தலைமையிடம் பெங்களூர். முதல் இயக்குநர் பாப்பு.

மூணாவது பதில், பெருசாச் செய். 234 செ.மீ. கண்ணாடி. இந்தியாவுல அதுவரைக்கும் அவ்வளவு பெருசு கிடையாது. 102 செ.மீ. தொலைநோக்கியை விட அஞ்சு மடங்குக்கு மேல வெளிச்சம் சேர்க்கும். பரப்பளவு கணக்குத்தானே, நீங்களே 234-ஐ 102-ஆல வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்க. அந்த முதல் 38 செ.மீ.யோட ஒப்பிட்டா ஏறக்குறைய 38 மடங்கு.

ஸைஸ் தொலைநோக்கி நல்லா வேலை செஞ்சுட்டு இருக்கும்போது, இதையும் வெளியிலயே ஆர்டர் கொடுத்திருக்கலாம். பாப்பு உள்ளூர்ல செய்யறதுன்னு முடிவெடுத்தார்.

தேய்க்காத கண்ணாடி வட்டு மட்டும் வெளிநாட்டுலயிருந்து வந்தது. சூடு ஏறி இறங்கினா ரொம்ப விரியாத வகைக் கண்ணாடி. மீதி எல்லாம் இங்கே. கண்ணாடியைத் தேய்ச்சு வடிவம் கொடுத்தது பெங்களூர்ல நிறுவனத்தோட ஒளியியல் கூடத்துல. அதுக்குத் தலைமை ஏ. பி. ஜெயராஜன். கனமான இரும்பு வேலை மகாராஷ்டிராவுல வால்சந்த்நகர் தொழிற்சாலையில. சர்க்கரை ஆலைக்கும் சிமென்ட் ஆலைக்கும் இயந்திரம் செஞ்ச இடம் அது. தொலைநோக்கி அவங்களுக்குப் புதுசு.

கண்ணாடி தேய்க்கிறது எவ்வளவு கஷ்டம்னு மெக்கானிக்கல் பசங்களுக்குக் கொஞ்சம் புரியும். லேத்ல நாம ஒரு மைக்ரான் ரெண்டு மைக்ரானுக்கே திணறுவோம். இங்கே கிண்ணம் மாதிரி குழிவான பரப்பு முழுக்க, ஒளியோட அலைநீளத்துல ஒரு சின்னப் பங்குக்கு மேல பிழை இருக்கக் கூடாது. பச்சை ஒளியோட அலைநீளம் 550 நானோமீட்டர்னா அதுல எட்டுல ஒரு பங்கு ஏறக்குறைய 70 நானோமீட்டர். தலைமுடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அதைச் சாதாரண அளவுகோலால அளக்க முடியாது, ஒளியை வெச்சேதான் சோதிக்கணும். தேய்ச்சா உரசுற சூட்டுல கண்ணாடி லேசா விரியும். ஆற விடணும், சோதிக்கணும், எங்கே மேடோ அங்கே கொஞ்சம் தேய்க்கணும், மறுபடி ஆற விடணும். அதிகமாத் தேய்ச்சுட்டா, போன கண்ணாடியைத் திரும்ப ஒட்ட முடியாது. மாசக்கணக்கு இல்லை, வருஷக்கணக்கு வேலை.

ம்யூனிக், 1982

1979-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்துக்குத் தலைவரா பாப்பு தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகத்து வானியலாளர்கள் எல்லாருக்குமான அமைப்பு அது. கோள்களுக்கும் சிறுகோள்களுக்கும் பேர் வைக்கிறது அவங்கதான். 1981-ல் பத்மபூஷண் வந்தது. ஒன்றியத்தோட அடுத்த பொதுக்கூட்டம் 1982 ஆகஸ்ட்ல, கிரேக்க நாட்டுல பாட்ராஸ் நகரத்துல. தலைவரா அவர் அங்கே இருந்திருக்கணும்.

அவர் ம்யூனிக் மருத்துவமனையில இருந்தார். இதய அறுவை சிகிச்சை. கூட்டம் தொடங்கின மூணாவது நாள், 1982 ஆகஸ்ட் 19 அன்னிக்கு இறந்துட்டார். ஐம்பத்தஞ்சாவது பிறந்தநாள் முடிஞ்சு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

பறக்கும் தட்டுப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. வேற்றுலக உயிர்களைத் தேடுறதுக்குன்னே ஒரு தனி ஆணையத்தை அந்த ஒன்றியம் தொடங்கினது அதே பாட்ராஸ் கூட்டத்துலதான். வானத்துல வேற யாராவது இருக்காங்களாங்கிற கேள்வி, சினிமாவுலயிருந்து ஆய்வுக்கூடத்துக்கு முறைப்படி வந்த கூட்டத்துக்குத் தலைவர், ஜவ்வாது மலையில தொலைநோக்கி கட்டிட்டு இருந்தவர். ஆனா அவர் அங்கே இல்லை.

காவலூர்ல கண்ணாடி இன்னும் ஏறலை. இப்போ யோசிங்க. ஒரு பெரிய ப்ராஜெக்ட்டோட மூளையும் முகமுமா இருந்த ஆள் பாதியில போயிட்டார். நம்ம நாட்டுல இப்படி நின்னு போன வேலைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா இது நிக்கலை. நிறுவனத்துக்கு அடுத்த இயக்குநரா ஜே. சி. பட்டாச்சார்யா வந்தார். கண்ணாடி தேய்க்கிறவங்களுக்கு எப்படித் தேய்க்கணும்னு தெரியும். இரும்பு அடிக்கிறவங்களுக்கு எங்கே எவ்வளவு வளையக் கூடாதுன்னு தெரியும். மின்னணுக்காரங்களுக்கு மோட்டாரை எப்படி ஓட்டணும்னு தெரியும். அந்த 38 செ.மீ.யிலயிருந்து படிப்படியாக் கத்துக்கிட்டு வந்த கைகள் அவை. தலைவர் போனாலும் தெரிஞ்சது போகலை.

1986 ஜனவரி 6 அன்னிக்குப் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவோட பேரை வெச்சார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1988 பிப்ரவரியில, அதே காவலூர்ல இன்னொரு தொலைநோக்கியில ஆர். ராஜமோகன் குழு ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு ராமானுஜன்னு பேர் வெச்சாங்க. வானத்துல பாப்பு பேர்லயும் ஒரு சிறுகோள் சுத்திட்டு இருக்கு, எண் 2596.

நம்ம டேபிளுக்கு வருவோம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு சொன்னவுடனே நம்ம எல்லாருக்கும் ஒரு போர்டு ஞாபகம் வரும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, மாடிப்படி ஏறினா, டைட்டில் லிஸ்ட்டும் விலைப் பட்டியலும் ரெடியா இருக்கிற இடம். பணம் கொடுத்தா டெமோ, ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் கைக்கு வந்துடும். அதைப் பத்தி உபதேசம் பண்ண நான் வரலை. ப்ளேஸ்மென்ட், அரியர், வீட்டு நிலைமைன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும். வாங்குறது எப்பவுமே தப்புன்னு பாப்புவோட வாழ்க்கையும் சொல்லலை. அவரும் ஒண்ணு வாங்கினார், அதை வெச்சுப் பெரிய வேலையும் நடந்தது.

ஆனா ஒரு வித்தியாசத்தைப் பாருங்க. அவர் வாங்கினது வேலையை ஆரம்பிக்க. வேலையே செய்யாம முடிக்க இல்லை. வாங்கின தொலைநோக்கி பக்கத்துலயே, செய்யத் தெரிஞ்ச ஆட்களையும் வளர்த்துட்டு இருந்தார். அதனால உங்க ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. வைவா அன்னிக்கு டீம் லீடருக்குக் காய்ச்சல் வந்து வரலைன்னா, மீதி மூணு பேரால அதை ஓட்டிக் காட்டி, ஏன் ஓடுதுன்னும் சொல்ல முடியுமா? முடியும்னா நீங்க செஞ்சிருக்கீங்க. மோட்டாரும் சென்சாரும் கடையில வாங்கினதா இருந்தாலும் பரவாயில்லை. முடியாதுன்னா, ஸ்க்ரூ வரைக்கும் கையால முறுக்கியிருந்தாலும் அது ஒரே ஆளோட தலைக்குள்ளதான் இருக்கு.

பறக்கும் தட்டு இதைப் பழக நல்ல இடம், ஏன்னா தப்பாப் போனா நஷ்டம் இருபது ரூபாய்தான். ரெண்டு கெட்டியான பேப்பர் தட்டை விளிம்போட விளிம்பு ஒட்டுங்க. மேல ஒரு பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் கப்பைக் கவிழ்த்தா மூடி ஆச்சு. தெர்மாகோல் எங்கேயாவது வெச்சிருந்தா ஸ்ப்ரே பெயின்ட்டை நேரா அடிக்காதீங்க, கரைஞ்சு குழி விழுந்துடும். முதல்ல ஃபெவிகாலைத் தண்ணி கலந்து ரெண்டு கோட் பூசி, நல்லாக் காய விட்டு அப்புறம் அடிங்க. கறுப்பு அடிச்சு, காய்ஞ்ச பிறகு, பிரஷ்ல சில்வரைத் தொட்டுப் பேப்பர்ல பெரும்பகுதியைத் துடைச்சுட்டு மேலாக்கத் தேய்ச்சா, விளிம்பும் மேடும் மட்டும் உலோகம் மாதிரி மின்னும். உள்ள ஒரு எல்.இ.டி.யும் பட்டன் பேட்டரியும் போதும். நிறுத்த பழைய சி.டி.யும் ஒரு அக்ரிலிக் குச்சியும். தனியாச் செய்யாதீங்க, ஜூனியர் ரெண்டு பேரைக் கூட உட்கார வெச்சுக்கோங்க. அடுத்த வருஷம் நீங்க இருக்க மாட்டீங்க, ஆட்டம் நடக்கணும்.

தட்டு இறங்குற இடத்துல ஜவ்வாது மலையை வைங்க. தெர்மாகோல் குன்று, ஸ்பான்ஜ் மரங்கள், ஒரு வெள்ளைக் குவிமாடம். குவிமாடத்துக்குள்ள தொலைநோக்கி வைக்க ஆசைப்பட்டா, 28 மில்லிமீட்டர் ஆளுக்கு ஏத்த அளவுல பாப்புவோட 234 செ.மீ. கண்ணாடி ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் வரும். சின்ன ஊறுகாய் பாட்டில் மூடியோட உள்பக்கத்துல அலுமினியத் தாளை ஒட்டினா சரியா இருக்கும். தாள்ல சுருக்கம் இல்லாம ஒட்டிப் பாருங்க. மூணாவது மூடியிலயாவது வந்துடும்.